கார்டய்யாவின் பறவை ஸ்டேஷன்

பறவைகளுக்கு டைம்டேபிள் போட்டு, அவை லேட்டாக வந்தால் விளக்கம் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் இருந்தார் என்பது எங்கள் ஊருக்குப் பெருமை. அவர் பக்கத்தில் நானும் இருந்தேன் என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரிய ஆபத்தாகப் போயிற்று.

ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். விழுப்புரத்துக்கும் மெட்ராஸுக்கும் நடுவே, கடைசிப் பெட்டியில் நின்றபடியே பாதி ஆயுசைக் கழித்தவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். பென்ஷன் கொடுக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஊருக்கெல்லாம் கார்டய்யா. வேலையிலிருந்து இறங்கினாரே தவிர கறுப்புக் கோட்டு, விசில், பச்சை சிவப்புக் கொடிகள் எதையும் அவர் இறக்கவில்லை. கோயிலில் அர்ச்சகர் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தால்கூட இவர் கை தன்னையறியாமல் பச்சைக்கொடி காட்டிவிடும்.

ஏரிக்கரையில் மதகுக் காவலுக்காக யாரோ கட்டி, ஒருவரும் குடியிராத தகரக் கொட்டகை ஒன்று கிடந்தது. அதில் போய்க் கார்டய்யா குடியேறினார். வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சுவரில் சுண்ணாம்பால் 'பறவை ஸ்டேஷன்' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தண்டவாளத்தை அடிப்பார். அடித்தால் பறவை பார்க்க ஊர் ஜனங்கள் ஓடிவர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சத்தத்தில் ஏரியில் இருக்கும் பறவையெல்லாம் எழும்பிப் பறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

"போவட்டும் விடு. திரும்பி வரும்போது எண்ணிக்கிலாம்" என்பார்.

ஊர் ஜனங்கள் என்று வந்து நிலைத்தவர்கள் நாலு பேர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த ரெட்டியார். ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா. பிறகு நான், தாலுகா ஆபீஸில் வேலை நிரந்தரமாகாத குமாஸ்தா. ரெட்டியார் மடியில் வறுத்த மல்லாட்டை கொண்டுவருவார். நான் எதற்காகப் போனேன் என்று யாராவது கேட்டால் இயற்கையின் மேல் உள்ள பிரியத்தால் என்று சொல்வேன். மல்லாட்டையும் இயற்கைதானே.

கார்டய்யா கையில் வெள்ளைக்கார இஞ்சினீயர் ஒருவர் விட்டுப்போன ஒற்றைக்குழல் தூரக்கண்ணாடி இருக்கும். அதை ஒரு கண்ணிலும் பாக்கெட் கடிகாரத்தை இன்னொரு கண்ணிலும் வைத்துக்கொள்வார்.

"இன்னாது இது? வரவேண்டிய நாரை இன்னும் வந்து சேரலியே. லைன்ல எதுனா கோளாறா?"

நாரை சாவகாசமாக வந்து இறங்கும். "லேட்டு! இதே நேத்து கரெக்ட் டைமுக்கு வந்துச்சு" என்று எங்களிடம் புகார் சொல்வார். நாரையின் சார்பில் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு தடவை மாப்பிள்ளையை அழைத்துவந்த வண்டியையே நிறுத்திவிட்டார். ஏரிக்கரை வண்டித் தடத்தில் ஆட்காட்டிக் குருவி முட்டை இட்டிருந்தது. தூரத்தில் மேளச் சத்தத்தோடு மாட்டுவண்டிகள் வருகின்றன. கார்டய்யா தடத்தின் நடுவே சிவப்புக்கொடியை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெண்வீட்டார் கத்துகிறார்கள். "முகூர்த்தம் தப்பிப்பூடும்யா, நவுரு!"

"லைன்ல ஆள் இருக்குது. வண்டிய கொல்லை மேல சுத்திக்கினு போங்க."

"எங்கய்யா ஆளு?"

கார்டய்யா கீழே காட்டினார். மண் நிறத்தில் முட்டைகள் கிடந்தன. மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இறங்கிவந்து குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தியே போலாம் மாமா" என்று சொன்னார். மேளத்தையும் அந்த இடம் தாண்டும்வரை நிறுத்தச் சொன்னார் கார்டய்யா. சத்தம் போடாமல் போன ஒரே கல்யாண ஊர்வலம் எங்கள் ஊரில் அதுதான்.

சத்தம் அவருக்கு ஆகாது. தண்டவாளத்தை அடிப்பது அதில் சேர்த்தி இல்லை. பறவை பார்க்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதால் எங்கள் நாலு பேருக்கும் கொடி தைத்துக் கொடுத்திருந்தார். நாங்கள் கீழ்க்கரையில் வரிசையாக நிற்போம். அவர் எதிரே மேல்கரையில் தனியாக நிற்பார். எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் கோரை மறைத்திருந்ததால் அங்கே வந்து உட்காரும் பறவை அவர் கண்ணுக்குத் தெரியாது. கரைமேல் நிற்கும் நாங்கள்தான் தெரிவோம். நாங்கள் கொடியால் சொல்ல வேண்டும். பச்சையை மேலே தூக்கினால் கொக்கு. சிவப்பை மேலே தூக்கினால் நாரை. இரண்டையும் குறுக்கே பிடித்தால் கூழைக்கடா. வலப்பக்கம் நீட்டினால் நீர்க்காகம், இடப்பக்கம் நீட்டினால் வக்கா. சேதி வந்து சேர்ந்தது என்பதற்கு அவர் அங்கிருந்து பச்சைக்கொடி காட்டுவார். ஒவ்வொரு தடவையும் பச்சைதான். ஒரு நாள்கூட அவர் எங்களுக்குச் சிவப்புக் காட்டியதில்லை. எங்களை மிஞ்சிய பறவை நிபுணர்கள் இல்லை என்று நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் யுத்தம் எங்கள் ஊருக்கும் வந்தது. குண்டு வரவில்லை, பயம் வந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு வந்து எங்கள் ஊர் வீடுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்தாலே சந்தேகப்படுகிற காலம். அந்தக் காலம் பார்த்து ஐந்து பேர் ஏரிக்கரையில் நின்று வானத்தைத் தூரக்கண்ணாடியால் பார்த்து, பச்சையும் சிவப்புமாகக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டையும் அழைத்துக்கொண்டு நேரே ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்.

"யாருக்குய்யா சிக்னல் குடுக்கறீங்க? ஏரோப்ளேனுக்கா?"

கார்டய்யா கடிகாரத்தை மூடினார். "ஏரோப்ளேனுக்குக் கொடி பத்தாதுங்க. அது ஸ்பீடு ஜாஸ்தி."

இதைவிட மோசமான பதிலை யுத்த காலத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. "ஒன்ன மத்தியான பாசஞ்சர்ல விழுப்புரம் ஏத்தறேன். பெரிய ஐயா விசாரிச்சிட்டு அங்கேர்ந்து ஜெயிலுக்கு அனுப்பட்டும். அப்புறம் பென்ஷன் எப்படி வருதுன்னு பாக்கறேன்."

"மத்தியான பாசஞ்சர் எப்பவும் லேட்டுங்க" என்றார் கார்டய்யா. "நானு டிக்கெட் இல்லாம ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரெட்டியார் மல்லாட்டை தின்பதை நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் அவர் எதற்காகவும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

எங்களில் தைரியசாலி நர்ஸம்மாதான். "ஐயா, நாங்க காட்டறது பறவைங்கதான். சந்தேகம்னா நீங்களே சோதிச்சுப் பாத்துக்குங்க. நாங்க இந்தக் கரையில கொடி காட்டறோம், அவரு அந்தக் கரையிலேர்ந்து இன்னா பறவைன்னு சொல்லட்டும்."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "நானு வல்லத்துப் பக்கம். ஏரிக்கரையில எருமை மேச்சிக்கினு வளந்தவன். எனக்குப் பறவ தெரியாதுன்னு நெனச்சிக்காதீங்க. பேரு சரியா வந்தா வூட்டுக்குப் போலாம். தப்பா வந்தா பாசஞ்சர்."

நர்ஸம்மாவின் வாயைப் பொத்தலாமா என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் என் சங்கதி எனக்குத் தெரியும். வக்காவுக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டும் மீன் தின்னும் என்பேன். டிரில் மாஸ்டர் என்ன காட்டுகிறாரோ அதையே காட்டுவது என் வழக்கம். தாலுகா ஆபீஸில் பழகிய பழக்கம் அது.

கார்டய்யாவை ஏட்டு மேல்கரைக்கு அழைத்துப் போனார். இன்ஸ்பெக்டர் எங்களோடு நின்று, எந்தக் கொடிக்கு எந்தப் பறவை என்று கேட்டுக்கொண்டார். கோரைக்கு இந்தப்புறம் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த ஒரு பறவையைத் தடியால் காட்டினார். "இது இன்னா? காட்டுங்க."

ரெட்டியார் கொடிகளைக் குறுக்கே பிடித்தார். கூழைக்கடா. டிரில் மாஸ்டர் விறைப்பாக வலப்பக்கம் நீட்டினார். நீர்க்காகம். நானும் வலப்பக்கம் நீட்டினேன். நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பச்சையைத் தூக்கினார். கொக்கு.

"ஏன்யா, ஒரு பறவைக்கு மூணு கொடியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அது வக்காய்யா! ஒருத்தனுக்கும் தெரியல!"

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீருக்கு மேலே ஏட்டின் குரல் மிதந்து வந்தது.

"ஐயா! வக்கான்றாருங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பி ஏரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கோரையைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்துத் தண்ணீரில் இருந்த இன்னொரு பறவையைக் காட்டினார்.

ரெட்டியார் மறுபடியும் குறுக்கே. டிரில் மாஸ்டரும் குறுக்கே, அதனால் நானும். நர்ஸம்மா நிதானமாக இடப்பக்கம் நீட்டி வக்கா காட்டினார்.

"கூழைக்கடான்றாருங்க!"

சரிதான். கூழைக்கடாவேதான். இன்ஸ்பெக்டருக்குப் பேஜாராகிவிட்டது. இதில் ஏதோ பெரிய சதி இருக்கிறது என்று நினைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி எங்களிடம் சொன்னார். "இப்ப பறவ ஒண்ணும் வேணாம். அவனவன் மனசுக்குத் தோணினத காட்டுங்க. இதுக்கு இன்னா சொல்றான்னு பாக்கலாம்."

நாங்கள் ஆளுக்கு ஒன்று காட்டினோம். டிரில் மாஸ்டர் நாரை. நான் பயத்தில் அவரைப் பார்க்க மறந்து நீர்க்காகம். நர்ஸம்மா கூழைக்கடா. ரெட்டியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பச்சையைத் தூக்கிக் கொக்கு காட்டினார்.

கார்டய்யா தூரக்கண்ணாடியை எடுத்து எங்களையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. பிறகு ஏட்டு கத்தினார்.

"ஐயா! அங்க பறவையே இல்லியாம்! ரெட்டியாரு கொக்கு காட்டறாராம், அது நடக்காத காரியமாம்! நர்ஸம்மாவ வெயில்ல நிக்க வெக்காதீங்கன்றாரு!"

இன்ஸ்பெக்டர் தடியை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "போங்கய்யா வூட்டுக்கு. யுத்தம் முடியற வரைக்கும் கொடி மட்டும் வேணாம். துண்டு வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொடிகளை ஏட்டிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, போகிற போக்கில் ரெட்டியாரிடம் ஒரு கை மல்லாட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது எங்களுக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! டிரில் மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூன் போட்டு உட்கார்ந்தார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அகோரமாகப் பசித்தது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துத் தின்றபடி கார்டய்யாவைக் கேட்டோம். நாங்கள் தப்புத் தப்பாகக் காட்டினோமே, எப்படித்தான் கண்டுபிடித்தார்?

"இதுல இன்னாய்யா இருக்குது" என்றார். "ரெட்டியாருக்கு எது வந்தாலும் கூழைக்கடா. மண்டிக்காரரு, பெருசாத்தான் கண்ணுக்குத் தெரியும். மாஸ்டரு பசங்களப் பாத்துக்கினு நின்னு டிரில் குடுக்கறவரு. பசங்களுக்கு வலது கைன்னா இவரு இடது கையத் தூக்கணும். பழகிப்போச்சு. அவரு நீர்க்காகம் காட்டினா அது வக்கா. நர்ஸம்மா கண்ணாடி தொடச்சிப் போட்டுக்கினு பாக்கறதுக்குள்ள அடுத்த பறவை வந்துடும். ஒரு ஸ்டேஷன் லேட்டு. ஆனா போன பறவைய கரெக்டா சொல்லிடும்."

"நானுங்க?"

"நீ பறவையே பாக்கறதில்ல. கொடி தூக்கறதுக்கு மின்ன உன் தலை மாஸ்டர் பக்கம் திரும்புது. அந்தக் கரைக்கே தெரியும்."

நர்ஸம்மாதான் கேட்டார். "இத்தன நாளா தப்புன்னு தெரிஞ்சிக்கினே பச்ச காட்டினீங்களா? ஒரு தடவையாவது செவப்பு காட்டக் கூடாதா?"

கார்டய்யா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செவப்பு காட்டினா நின்னுடுவீங்களேம்மா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்டவாளம் அடித்தபோது நாங்கள் நாலு பேரும் பச்சைத் துண்டும் சிவப்புத் துண்டுமாகக் கரையில் நின்றோம். யுத்தம் முடிந்தது. கொடிகள் திரும்பி வந்தன. பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் கார்டய்யா போய்விட்டார். வேலை நிரந்தரமாகி, ஊர் ஊராக மாற்றலாகி, பறவைகளையும் ஒருவழியாக நான் கற்றுக்கொண்டேன். வக்கா என்றால் இடப்பக்கம் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

ஆனாலும் எந்த ஏரிக்கரையில் வக்காவைக் கண்டாலும் கையை வலப்பக்கம்தான் நீட்டுகிறேன். சரியாகக் காட்டினால் அது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.