எழுத்து முடிந்த பிள்ளை

2024 மார்ச் 14ஆம் திகதி காலை, மருதனார்மடத்தில் பிரசாந்திக்கும் லண்டனில் வேலைசெய்யும் வாகீசனுக்கும் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், நடந்தது. பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்திட்டார்கள். தேநீர் குடித்து முடிந்ததும் பிரசாந்தியின் தாய் ஞானாம்பிகை, மாப்பிள்ளையை அவனுடைய பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தாலி கட்டுவது ஆவணியில். அதற்குள் விசா வந்தால்தான் பிரசாந்தி அவனோடு விமானம் ஏறலாம்.

விசாப் படிவத்தில் ஒரு கேள்விக்கு நிச்சயமானவர் என்றால் என்கேஜ்ட், மணமானவர் என்றால் மறீட், இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். சந்தியில் கணினியில் படிவம் நிரப்பிக்கொடுக்கும் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஜெசிதா, மறீட் என்று தட்டப்போனாள்.

"பிள்ளை, கையை எடும்," என்றார் பிரசாந்தியின் தகப்பன் சிவசுப்பிரமணியம். ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்கிறவர். "தாலி ஏறாத பிள்ளையை மறீட் எண்டு எழுதினால் சனம் என்ன கதைக்கும்?"

"விசாக் கந்தோர்க்காரன் எந்தச் சனத்திட்டைப் போய்ச் சொல்லப்போறான், அப்பா?" என்றாள் பிரசாந்தி.

என்கேஜ்ட் என்றே போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இணைத்திருக்கும் சான்றிதழின்படி உங்களுக்குத் திருமணம் முடிந்துவிட்டதே, ஏன் இப்படி எழுதினீர்கள்?

இரண்டாவது முறை சிவசுப்பிரமணியம் கொஞ்சம் இறங்கிவந்தார். மறீட் என்று போடச் சம்மதித்தார். ஆனால் திருமணத் திகதியைத் தானே சொன்னார்: தாலி கட்டக் குறித்த நாள், செப்டெம்பர் 15. அப்போது மே மாதம். இன்னும் வராத நாளில் எப்படித் திருமணம் நடந்தது என்றும், சான்றிதழ் உண்மையானதுதானா என்றும் அடுத்த கடிதம் கேட்டது. பதினான்கு நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

லண்டனுக்குத் திரும்பியிருந்த வாகீசனுக்குப் பிரசாந்தி கடிதத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சிவசுப்பிரமணியம் இரண்டு பக்க ஆங்கிலக் கடிதத்தோடு கடைக்கு வந்தார். எழுத்து வெறும் கடதாசி, எங்களிடையே தாலியே திருமணம் என்பது அதன் சாரம்.

ஜெசிதா முழுவதும் வாசித்தாள். "நல்ல கடிதம், அங்கிள். ஆதாரமா உங்கடை கலியாணச் சான்றிதழையும் தாலி கட்டின நாள் அழைப்பிதழையும் வைப்பம். எழுத்து எப்ப, தாலி எப்ப எண்டு அவங்களுக்கு விளங்கும்."

"எங்களுக்கு எழுத்து நடக்கேல்லை. அது தொண்ணூற்றிமூண்டு. சண்டைக்குள்ளை ஆர் பதிவுக்குப் போனது? கோயிலிலை தாலி கட்டினதுதான்."

ஜெசிதா கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"அப்ப அங்கிள், கடதாசிப்படி உங்கடை வீட்டிலை கலியாணம் கட்டின ஆள் பிரசாந்தி மட்டுந்தான்."

படிவம் மறீட் என்றும், மார்ச் 14 என்றும் திருத்தப்பட்டுப் போனது. விசா ஆகஸ்டில் வந்தது. அதற்கு முந்திய வாரம் அதே பதிவாளரிடம் இன்னொரு எழுத்து நடந்தது. மணமகள் ஞானாம்பிகை. மணமகன் சிவசுப்பிரமணியம், வயது 64, இதுவரை மணமாகாதவர். சாட்சியாகப் பிரசாந்தி கையெழுத்திட்டாள்.