சரஸ்வதி பூசையில் வைத்த ரெலிவிஷன்

வெரிபீ, மெல்போர்ன்
25.10.1974, விசயதசமி காலை

பெருமதிப்புக்குரிய மச்சான் இரத்தினசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பவளமும், முப்பத்தொரு வருடமாக அவளுடைய சமையலைச் சாப்பிட்டு அவளுடைய பேச்சையும் கேட்டுவரும் விக்னராஜாவாகிய நானும் இங்கே உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்றும், நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பதை நீங்கள் இன்னும் கைவிடவில்லை என்றும் நம்புகிறோம். ஏடு தொடக்கும் இந்த நன்னாளில், பூசையிலிருந்து பேனையையும் புதுக் கண்ணாடியையும் எடுத்து நான் முதன்முதலாக எழுதுவது இந்தக் கடிதத்தைத்தான். "முதல் எழுத்து நல்ல சேதியா இருக்கோணும்" என்று பவளம் குசினியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவாள். எழுதுகிறவன் நானல்லவா.

விஷயத்தை நேரே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கே வந்து எங்களோடு இருப்பதற்காக நான் போட்ட மனுவை நானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை வந்துவிட்டது. அந்தப் படிவத்தில், நான் இந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடக்கும் ஒழுக்கமான மனிதன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இப்போது நான் லைசன்ஸ் இல்லாமல் ரெலிவிஷன் வைத்திருக்கும் மனிதன். நேற்று இன்ஸ்பெக்டரிடம் பிடிபட்டும் விட்டேன்.

நடந்தது இதுதான். மகன் சிறிதரன் ஓகஸ்ட் மாதம் கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு மின்நிலையக் கட்டட வேலைக்குப் போனான். மூன்று மாதம் அங்கேதான் தங்கல். போகும்போது, "அப்பா, பொழுது போகாட்டி ரிவி பாருங்கோ" என்று சொன்ன பிள்ளை, அதற்கு லைசன்ஸ் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செப்டெம்பர் முதல் கிழமை முத்திரை தேடி மேசை லாச்சியைத் திறந்தேன். லைசன்ஸ் இருந்தது. ஓகஸ்ட் 31ஆம் திகதியோடு அது செத்தும் இருந்தது. இங்கே றேடியோவுக்கும் ரெலிவிஷனுக்கும் சேர்த்து ஒரே தாள், ஆகவே ஒரேயடியாக இரண்டும் போச்சு. அந்த நேரம் பவளம் ஒரு ஆஸ்பத்திரிக் கதை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்குத்தர் வாயைத் திறந்தார், நான் பிளக்கைப் பிடுங்கினேன். "அந்தப் பெட்டைக்கு என்ன வருத்தமெண்டு சொல்ல வந்த மனுசனை இப்பிடிச் செய்து போட்டியளே" என்று அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

போய்ப் புதுப்பித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். லைசன்ஸ் சிறிதரன் பெயரில் இருக்கிறது. அவனுக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. சரி, நானே போவோம் என்று தபால் கந்தோர் வாசல் வரை இரண்டு முறை போனேன். இருபத்தெட்டு வருடம் ஊர்த் தபால் கந்தோரில் றேடியோ லைசன்ஸ் கொடுக்கும் கவுண்டருக்கு உள்ளே இருந்து, "இவ்வளவு நாளும் லைசன்ஸ் இல்லாமலா கேட்டீர்?" என்று எத்தனை பேரைக் கூனிக்குறுக வைத்தவன் நான். வெளியே நின்று அதே கேள்வியை என் காதால் கேட்க எனக்குக் கால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது ஐம்பத்தேழாம் ஆண்டு உங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் வருகிறது. சாவகச்சேரித் தபால் அதிபராக, இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு, சொந்த மச்சானின் வீட்டுக்குள்ளேயே றேடியோ தேடி வந்தேன். "இஞ்சை றேடியோவும் இல்லை ஒண்டும் இல்லை" என்று நீங்கள் சத்தியம் பண்ணி முடிக்கவில்லை, நெல் மூட்டைக்கு நடுவிலிருந்து செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஒளித்த அவசரத்தில் நீங்கள் அதை நிறுத்த மறந்திருந்தீர்கள். நான் பெரிய அரிச்சந்திரன் போல உங்கள் பெயரை எழுதிக்கொண்டேன். அதன்பிறகு ஒரு வருடம் நீங்கள் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஏறாதது நியாயம்தான் மச்சான். அன்றைக்கு உங்களுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

ஒளிப்பது என்று முடிவெடுத்தால் கூரையிலுள்ள அன்ரெனாவை என்ன செய்வது? றோட்டில் போகிறவனுக்கெல்லாம் அது கை காட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்றலாம் என்று ஏறினேன். ஏறியது சரி, இறங்கத் தெரியவில்லை. பவளம் கீழே நின்று, "ஏனப்பா உப்பிடி நிக்கிறியள், இறங்குங்கோவன்" என்கிறாள், ஏதோ நான் காற்று வாங்க நிற்பது போல. பக்கத்து வீட்டு மிசிஸ் டோசன், எழுபது வயது மனுசி, ஏணி கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டார். இறக்கியதோடு விட்டாரா? பாவம், அன்ரெனா ஆடியதால்தான் நான் ஏறினேன் என்று நினைத்து, தானே மேலே போய் அதைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டார். இனிப் புயல் வந்தாலும் அசையாது. இந்தக் கூத்தில் என் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. புதுக் கண்ணாடி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை எனக்குப் பத்திரிகையும் இல்லை, புத்தகமும் இல்லை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. பவளத்துக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

றேடியோ இல்லை, ரெலிவிஷன் இல்லை, வாசிப்பும் இல்லை. பின்னேரங்களில் என்ன செய்கிறது? எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் மிசிஸ் டோசனின் ரெலிவிஷன் நன்றாகத் தெரியும். சத்தம் மட்டும் கேட்காது. அடுத்த வீட்டு ரெலிவிஷனைச் சத்தமில்லாமல் பார்ப்பதற்குத் தனி லைசன்ஸ் வேண்டுமா என்று நான் நெடுநேரம் யோசித்து, வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னேன். கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டோம். படம் அங்கே ஓடும், குரல் பவளம் கொடுப்பாள். அவள் சொல்லும் கதையில் எல்லாரும் சீதனத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள், எல்லா மாமியாரும் கெட்டவர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, உண்மையான கதையைவிட இது விறுவிறுப்பு. செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் நெடுநேரம் பேசினார். "இவர் எங்களுக்கு ஏதோ நல்ல சேதி சொல்லுறார், முகத்தைப் பாருங்கோ" என்றாள். அரசாங்கம் நல்ல சேதி சொல்லி நான் இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் கேட்டதில்லை என்று சொல்லி, யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

அதைவிட்டால் எங்களுக்கு இருந்தது நீங்கள் தைப்பொங்கலுக்குப் பேசி அனுப்பிய கசெற். கசெற் ஆகாயத்திலிருந்து எதையும் பிடிப்பதில்லை, ஆகவே சட்டத்துக்கு உட்பட்டது. ஒரு மணித்தியாலம் நீங்கள் பேசியதை ஒவ்வொரு நாளும் போட்டுக் கேட்டோம். நீங்கள் எந்த இடத்தில் இருமுவீர்கள், எந்த இடத்தில் கோழியைத் துரத்துவீர்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். "வீட்டிலை ஆள் அரவம் இல்லை, சுவரோடைதான் கதைக்கிறன்" என்று கடைசியில் சொல்கிறீர்களே, அந்த இடம் வந்தால் பவளம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். மிசிஸ் டோசனும் சில நாள் வந்து கேட்பார். ஒரு சொல் விளங்காது. ஆனாலும் இருமல் வந்ததும், "பாவம், இந்த மனிதருக்கு ஒருவரும் தேநீர் போட்டுக் கொடுப்பதில்லையா?" என்று கேட்பார். மச்சான், உங்களை இங்கே கூப்பிடவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இதற்குமேல் எப்படி எழுதுவது.

நவராத்திரி வந்தது. ரெலிவிஷன் என்ற பூதத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பவளம்தான் வழி சொன்னாள். "சரஸ்வதி பூசைக்கு வைச்ச சாமானை ஒருத்தரும் தொடக்கூடாது. பூசையிலை வைச்சிட்டா நாங்கள் பாக்கேல்லை எண்டதுக்கு அம்பாளே சாட்சி." வெள்ளை வேட்டியால் ரெலிவிஷனை மூடி, மேலே கும்பம் வைத்து, சுற்றிவரப் புத்தகங்கள், சிறிதரனின் அளவுகோல், என் பேனை எல்லாம் அடுக்கினாள். புதன்கிழமை வந்த என் புதுக் கண்ணாடியையும், வாசிப்புக்கு உதவும் சாமான் என்று, நான் ஒரு வரிகூட வாசிக்க முன்பே தூக்கி அதில் வைத்துவிட்டாள். றேடியோவைப் பின் அறை அலுமாரிக்குள் போர்வை சுற்றி வைத்தேன்.

நேற்று வியாழக்கிழமை, பூசை முடிந்து தீபம் எரிகிறது, உங்கள் கசெற்றும் ஓடுகிறது. கதவில் தட்டும் சத்தம். கையில் கபில நிறக் கோப்போடு ஒருவர். திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? லைசன்ஸ் இன்ஸ்பெக்டர் அன்ரெனா தேடும் பார்வை அது. "மிஸ்டர் விக்னராஜா? வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அட்டையை நீட்டினார். கண்ணாடி பூசையில், பூசையன்று வாசிக்கவும் கூடாது. பவளம் அதை மரியாதையாக வாங்கி, கண்ணில் ஒற்றி, புத்தகங்களோடு பூசையில் வைத்துவிட்டாள். அவர் திகைத்துப்போனார்.

முன் அறையைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். "கல்வித் தெய்வம், சேர். நாளை காலை வரை யாரும் தொடக்கூடாது, சேர். நாங்கள் தொடவே இல்லை, சேர்" என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே பின் அறைக்குப் போனார், அலுமாரி இருக்கும் அதே அறைக்கு. "இந்த அறையில் யார் இருக்கிறார்கள்?" "ஒருவரும் இல்லை, சேர்." "எதற்குப் பாவிக்கிறீர்கள்?" "ஒன்றுக்கும் இல்லை, சேர். வெறும் அறை, சேர். எப்போதும் வெறும் அறை." அவர் எழுதிக்கொண்டார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினேன். அந்த நேரம் பார்த்து முன் அறையில் நீங்கள் இருமினீர்கள். "வீட்டில் வேறு யாராவது?" என்று திரும்பினார். "இல்லை சேர், அது கசெற். இலங்கையிலிருக்கும் என் மச்சான். இவளுடைய அண்ணன்" என்றேன். அவர் நின்று கொஞ்ச நேரம் உங்களைக் கேட்டார். பிறகு அதையும் எழுதினார்! கசெற்றுக்கும் லைசன்ஸ் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்?

பவளமோ குசினிக்குப் போனாள். மிசிஸ் டோசன் தந்த பழைய பத்திரிகையில் எண்ணெய் வடியப் போட்டிருந்த வடையில் நாலு எடுத்துக் கொடுத்தாள். மனுசன் நாலையும் சாப்பிட்டு, அட்டையைத் திருப்பிக் கேட்டு அதன் பின்பக்கம் ஏதோ எழுதி, தானே பூசையில் திரும்ப வைத்து, கும்பிடுவது போலக் கையையும் தூக்கிவிட்டுப் போனார். அது சம்மனாகத்தான் இருக்கும். அட்டை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே மச்சான், வழக்கு வந்து என் பெயர் கெடுவதற்கு முன் மனுவைத் திரும்ப எடுப்பதுதான் உங்களுக்கு நல்லது. வீட்டை விற்பதாக இருந்தால் நிறுத்திவையுங்கள். கோழிகளையும் கொடுத்துவிட வேண்டாம். உங்களைத் தண்டித்தவனே உங்கள் வழியையும் மறித்துவிட்டான் என்று நினைத்து என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் உங்களுக்குத் துணையிருப்பார். பவளம் உங்களுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் மைத்துனன்,
க. விக்னராஜா
(ஓய்வுபெற்ற தபால் அதிபர்)

பி.கு.: மேலே எழுதியதை வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். பவளம் பூசை குலைத்து, "என்னெண்டு பாருங்கோவன், கடிச்சா விடப்போகுது?" என்று அட்டையைக் கையில் திணித்தாள். வந்தவர் லைசன்ஸ்காரரே இல்லை. குடிவரவுக் கந்தோர்க்காரர். உங்களுக்குத் தங்க இடமிருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். பின்பக்கம் இப்படி எழுதியிருக்கிறார்: "வெறும் அறை ஒன்று உண்டு, போதும். கூரை நல்லது. குடும்பத்தார் அவரை எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் அனுமதிக்குச் சிபாரிசு செய்கிறேன். திங்கட்கிழமை வந்து கையெழுத்திடவும். வடைக்கு நன்றி."

இன்னொன்று. மிச்ச வடையை எடுத்தபோது அடியில் எண்ணெய் ஊறிய பத்திரிகையைப் புதுக் கண்ணாடியோடு பார்த்தேன். செப்டெம்பர் 18ஆம் திகதிப் பத்திரிகை. இந்த நாட்டில் ரெலிவிஷன் லைசன்ஸும் றேடியோ லைசன்ஸும் அடியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன! அதற்கு முதல் நாள் பின்னேரம் அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் சொன்ன நல்ல சேதி அதுதானாம். ஏழு கிழமையாக நாங்கள் ரெலிவிஷனைப் போடாமல் ஒளித்து வைத்திருந்ததால், ஒளிக்கத் தேவையில்லை என்ற செய்தி எங்களுக்குத் தெரியவில்லை. பவளம் கேட்டவுடனே போய்ப் பிளக்கைக் குத்தினாள். ஆஸ்பத்திரிக் கதையைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டை விற்றுவிடுங்கள். கோழிகளைக் கொடுத்துவிடுங்கள். அந்த நெல் மூட்டை றேடியோ இன்னும் இருந்தால் அதையும் கட்டாயம் கொண்டு வாருங்கள், மச்சான். உங்கள் அறையில் நானே என் கையால் வைத்து, நானே போட்டுவிடுகிறேன்.