மூன்றாம் எண் பாறை நலமாக உள்ளது

உலகத்தில் எத்தனையோ கடல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கல்லூரித் துறையின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, இருபத்திரண்டு வருஷமாக ஓர் உயிர்கூடக் கூடாமல் குறையாமல் அடக்க ஒடுக்கமாக நடந்துகொண்ட கடல் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை கடலுக்குப் போய்ச் சேராது. கடலோர உயிரினப் பாதுகாப்புத் துறைக்கே சேரும்.

ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைக் கரை. அங்கே மூன்றாம் எண் பாறை என்று ஒன்று. இன்றைய துறைத்தலைவர் மாணவராக இருந்த காலத்தில், அந்தப் பாறையின் பக்கவாட்டில் அரை மீட்டர் சதுரம் அளந்து, நாலு மூலைக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் 3 என்று எழுதி வைத்தார். சதுரத்துக்குள் இருந்த கொட்டலசுகளை எண்ணினார். கொட்டலசு என்பது விரல் நகம் அளவுக்கு ஓடு கட்டிக்கொண்டு, சிமெண்ட் வைத்துப் பூசினாற்போலப் பாறையில் ஒட்டிக்கொண்டு, ஆயுசு முடிகிறவரை இடம் மாறாத ஜீவன். நிரந்தர உத்தியோகத்துக்கு ரொம்பப் பொருத்தமானது. முழங்கால் சிராய்க்க மண்டியிட்டு அவர் எண்ணியபோது நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாணவர்கள் போய் எண்ணினார்கள். வருஷா வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு.

இந்த ஒழுங்குக்குக் காரணம் பஸ். தண்ணீர் நன்றாக வற்றிப் பாறை அடிவரை தெரிவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். அதுவும் காலை ஆறு மணி வாக்கில், தவறினால் சாயங்காலம் ஆறரைக்கு. துறையின் பஸ்ஸோ ஒன்பதரைக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. இரண்டையும் பொருத்த ஒரு குழு போட்டு ஏழு கூட்டம் நடத்தினார்கள். "கடல் தரப்பிலிருந்து போதிய ஒத்துழைப்பு இல்லை" என்று வருத்தத்துடன் பதிவு செய்துவிட்டுக் குழு கலைந்தது.

ஆகவே மாணவர்கள் பதினொரு மணிக்குப் போய், பாறை மூழ்கியிருக்கும் திசையைப் பார்த்து மரியாதையாக நின்று, படிவத்தில் போன வருஷத்து எண்ணை எழுதிக்கொண்டு வருவார்கள். படிவத்தின் அடியில் "மேற்கண்ட விவரங்களை நேரில் சரிபார்த்தேன்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே துறைத்தலைவரின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கும். ஜனவரி மாதம் முதல் வேலை நாளிலேயே வெற்றுப் படிவம் அத்தனைக்கும் தேதியோடு கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்துவிடுவார். மாணவர்கள் மேலும் கொட்டலசுகள் மேலும் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்த நல்ல குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தாள் ஈரக்காலி. முதல் பயணத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியதற்காக வகுப்பு வைத்த பெயர். இப்போது கடைசி வருஷம். களப்பணித் தாளில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் மீன்வள நிலையத்தில் வேலை. அதற்கான கடிதம் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. தேறாவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அவளை வளர்த்த சித்தி, தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் ஒருதரம் அந்தக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்படிப்பட்டவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், இந்தத் தடவை நான் நிஜமாவே எண்ணிட்டு வரட்டுமா?" என்று துறைத்தலைவரிடம் போய்க் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளா எண்ணினது பொய்யாம்மா?"

"அப்படிச் சொல்லல சார். அந்தச் சதுரச் சட்டத்தை மட்டும் குடுத்தீங்கன்னா…"

துறைத்தலைவர் கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே பட்டுத்துணி விரித்து இரும்புச் சட்டம் படுத்திருந்தது.

"அதையா? கடல்ல நனைஞ்சா துருப்பிடிச்சிடும்மா. அது களப்பணிக்கு உள்ள பொருள். கண்ட இடத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது."

ஈரக்காலி வெளியே வந்து புதுக் கட்டடத்தின் முகப்புச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிய சுவர். "கடல் வாசனை வீசும் இயற்கைக் கல்" என்று துறையின் ஆண்டு மலரில் அரைப் பக்கம் புகழ்ந்திருந்தார்கள். சுவர் நடுவில் துறையின் பெயர் செதுக்கிய பலகை, அதற்குக் கீழே வரிசையாகப் பூந்தொட்டிகள். அந்தக் கல்லின் சொரசொரப்பில் அவள் துப்பட்டாவின் இழை மாட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சித்தி கதையைக் கேட்டுவிட்டு, துணி மாட்டும் கம்பி நாலை எடுத்து நிமிர்த்தினாள். தையல் டேப்பை வைத்து அளந்து, வளைத்து, முடிச்சுப் போட்டாள்.

"இந்தா, அரை மீட்டர். ஒரு நூல் கூடாது, குறையாது. ஜாக்கெட்டுக்கே நான் தப்பா அளந்ததில்ல, பாறைக்கா தப்பா அளப்பேன்?"

"சித்தி, எண்ணிக்கை மாறிப்போச்சுன்னா பெயில் போட்டுடுவாங்களோ?"

"மாறினா மாறினதை எழுது. மாறலைன்னா உங்க சாரை நான் வந்து கும்பிட்டுட்டுப் போறேன். பௌர்ணமி முடிஞ்சதும் விடிய எழுந்திரு, ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்."

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் வற்றி, இருபத்திரண்டு வருஷ இரகசியமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதல் எண் பாறை இருந்தது. இரண்டாம் எண் பாறை இருந்தது. அடுத்தது நாலாம் எண் பாறை.

நடுவில் ஒரு குழி. அதில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர்.

கம்பிச் சதுரத்தைக் கையில் பிடித்தபடி ஈரக்காலி அந்தக் குழியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா தொலைச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒரு பாறைங்க."

"ஓ, அதுவா. மூணு வருஷம் ஆச்சே. மெஷின் வெச்சு உடைச்சு, லாரியில அள்ளிட்டுப் போனாங்க. எவனோ கட்டடம் கட்டறானாம், கடல் வாசனை அடிக்கிற கல்லாத்தான் வேணும்னு கேட்டானாம். அது இருந்தப்ப இந்த இடத்துல உக்காந்தா வீட்டுக்கு மீன் உண்டு. இப்ப சும்மா காத்து வாங்கறேன்."

சித்தி ஈரக்காலியைப் பார்த்தாள். ஈரக்காலி தன் துப்பட்டாவின் கிழிசலைப் பார்த்தாள்.

அன்றைக்கே துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். "சார், மூணாம் எண் பாறையைக் காணோம்."

"எத்தனை மணிக்குப் போன?"

"ஆறு மணிக்கு சார்."

"அதான் பார்த்தேன். தண்ணி வத்தின நேரத்துல போனா எப்படிம்மா இருக்கும்? பதினொரு மணிக்குப் போய்ப் பாரு, ஒழுங்கா தண்ணிக்குள்ள இருக்கும்."

"தண்ணிக்குள்ள எதுவும் தெரியாதே சார்."

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா? இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சிம்மா இது. நீ ஒருத்தி சீக்கிரம் எழுந்துட்டங்கறதுக்காக மாத்த முடியாது." ஒரு படிவத்தை எடுத்து அன்போடு நீட்டினார். "நானூத்திப் பன்னிரண்டுன்னு எழுது, தேறிடுவ. வேற ஏதாவது எழுதினா, அடுத்த வருஷம் இதே பஸ்ல பார்ப்போம்."

களப்பணித் தாளுக்கான வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மாள் ஒருவர் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எல்லாப் படிவத்தையும் பார்த்தார்.

"எல்லாருக்கும் நானூத்திப் பன்னிரண்டா சார்?"

"ஆரோக்கியமான கடல், மேடம்."

"இந்தப் பொண்ணோட படிவம் காலியா இருக்கே?"

ஈரக்காலிக்கு அலமாரிக் கண்ணாடியில் செருகிய கடிதம் கண்முன் வந்தது. அதைத் தொட்டுப் பார்க்கும் சித்தியின் விரலும் வந்தது.

"மேடம், ரெண்டு நிமிஷம் வெளிய வந்தீங்கன்னா, உங்க முன்னாடியே எண்ணி எழுதிடறேன்."

"இருபது கிலோமீட்டரை ரெண்டு நிமிஷத்துலயா?" என்று துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். முகப்புச் சுவருக்கு முன்னால் அவள் நின்றபோதும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

முந்தின நாளே தேடிப் பார்த்து வைத்திருந்தபடி, பெயர்ப் பலகைக்கு நேர் கீழே இருந்த இரண்டு பூந்தொட்டிகளை அவள் நகர்த்தினாள். பின்னால் ஒரு பெரிய கல். அதன்மேல் நெருக்கமாக வெள்ளை வெள்ளை வட்டங்கள். நாலு மூலையிலும் மங்கிய மஞ்சள். பக்கத்தில் 3. பையிலிருந்து சித்தியின் கம்பிச் சதுரத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். நாலு மூலையும் நாலு மஞ்சளில் போய் உட்கார்ந்தன.

துறைத்தலைவர் குனிந்தார். அந்த 3-ஐ விரலால் தடவினார்.

"இது என் கையெழுத்து," என்றார் மெதுவாக. "பெயிண்ட் காயறதுக்குள்ள அலை வந்துடுச்சு. அதான் வால் இழுத்திருக்கு."

ஒரு நிமிஷம் அவர் முழங்கால் சிராய்த்த பையனாகவே இருந்தார். பாவம், ஒரே ஒரு நிமிஷம்தான். எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டதும் மறுபடி தலைவராகிவிட்டார்.

"பார்த்தீங்களா மேடம். மாணவர்கள் பஸ்ல அலையக்கூடாதுன்னு ஆய்வுக் களத்தையே துறைக்குக் கொண்டு வந்துட்டோம். இனிமே பத்துலேர்ந்து அஞ்சுக்குள்ள எப்ப வேணும்னாலும் எண்ணலாம். கடலோட தயவே வேண்டாம். அடுத்த கூட்டத்துல தீர்மானமாவே போட்டுடறேன்."

தேர்வாளர் அம்மாள் ஈரக்காலியிடம் பேனாவை நீட்டினார். "எண்ணும்மா."

அவள் மண்டியிட்டு எண்ணினாள். அம்மாளும் பக்கத்தில் மண்டியிட்டு எண்ணினார். பிறகு படிவத்தைச் சுவரிலேயே வைத்து எழுதினாள். ஓட்டுத் தடங்கள், முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. உயிருடன் இருப்பவை, ஒன்றுமில்லை. கடைசியாக, "இவ்வுயிரினத்துக்கு உள்ள அச்சுறுத்தல்" என்ற கட்டம். இத்தனை வருஷமும் எல்லோரும் "ஏதுமில்லை" என்றே எழுதி வந்த கட்டம். அவள் தலையை நிமிர்த்தி, மேலே பலகையில் செதுக்கியிருந்ததை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினாள்: கடலோர உயிரினப் பாதுகாப்புத் துறை.

தேர்வாளர் அம்மாள் படித்துவிட்டு, தேர்ச்சி என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

"குடுங்க, குடுங்க," என்று துறைத்தலைவர் பதறிக்கொண்டு கை நீட்டினார். "நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அது இல்லாம செல்லாது."

அம்மாள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சிரமப்படாதீங்க சார். நீங்க ஜனவரியிலேயே நேர்ல சரிபார்த்துட்டீங்க."