மைக்கலின் பொறுமையும் என் ஹெட்போனும்

இந்த ஓர்ஸ் ஹில் பகுதியில் என்னைவிட நல்ல புருஷன் ஒருவன் இருக்கக்கூடாது. போன நவம்பர் முதலாம் திகதி நான் எடுத்த தீர்மானம் இது. சும்மா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மைக்கல் எடுக்க வைத்தான்.

மைக்கல் கெட்டவன் அல்ல. அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வேலை முடிந்து வந்ததும் விறாந்தையில் கதிரையைப் போட்டு, காதில் பெரிய கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவான். அவன் மனைவி றஜிதா பக்கத்தில் நின்று கதைப்பாள். அவன் அவளையே பார்த்து, சிரித்துச் சிரித்துத் தலையாட்டுவான். அரை மணித்தியாலம். சில நாளில் முக்கால்.

இதை என் மனைவி கிறிஸ்டின் குசினி யன்னலால் பார்ப்பாள். பார்த்துவிட்டு நேரே என்னிடம் வருவாள்.

"மைக்கல் அண்ணனைப் பாருங்கோ. என்ன பொறுமை. றஜிதா அக்கா குடுத்து வச்சவ."

"நானும் பொறுமைதானே?"

"நீங்களோ? இஞ்சாருங்கோ எண்டு தொடங்கினாலே உங்கட முகம் புளிச்சுப்போகும். கரோல் பயிற்சிக்கு ஹோலைக் கேட்டு ஆறு வருஷம். ஆறு வருஷமும் ஏலாது எண்டனீங்கள்."

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் கோவில் பங்கில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய நான்கு கிழமையும் கரோல் பயிற்சி யாராவது ஒருவருடைய வீட்டு ஹோலில்தான் நடக்கும். முப்பது பேர், கீபோர்ட், ட்ரம். வீட்டுக்காரன் பாடகர் குழுவுக்கு முன்னால் தானே சம்மதிக்க வேண்டும். மனைவி மட்டும் சம்மதித்தால் செல்லாது. எனக்கோ குக்கர் விசிலடித்தாலே தலையிடி. அதனால்தான் ஏலாது என்றேன். அது பொறுமையின்மை அல்ல, வைத்தியம்.

ஆனால் கிறிஸ்டின் விடவில்லை. காலையில் தேத்தண்ணியோடு மைக்கல். இரவில் புட்டோடு மைக்கல். இரண்டு கிழமையில் என் வயிற்றில் புட்டைவிட மைக்கல்தான் அதிகம் இருந்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கலியாணம் கட்டிப் பதினாலு வருஷத்தில் என்னை அவள் ஒரு நாளாவது அப்படிப் புகழ்ந்ததுண்டா?

ஒருநாள் பின்னேரம் மதிலடிக்குப் போனேன். றஜிதா உள்ளே போயிருந்தாள்.

"மைக்கல், என்ன செய்யிறாய்?"

சிரித்தான். தலையாட்டினான்.

"மைக்கல், உன்ர குசினி பத்தி எரியுது."

இன்னும் நன்றாகச் சிரித்தான். இரண்டு தரம் தலையாட்டினான்.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பாவிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வெளிச் சத்தத்தை அமத்துகிற சாமான் அது. கூடவே பாட்டும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. இந்தச் செவிட்டுத்தனத்துக்குத்தான் என் வீட்டில் இவ்வளவு புகழ்.

கிறிஸ்டினிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மைக்கலின் பெயர் கெடுமே தவிர என் பெயர் உயராது. எனக்கு வேண்டியது அவன் விழுவதல்ல. அவன் இருக்கும் இடம். அதற்கு ஒரே வழி, எனக்கும் ஒரு ஹெட்போன்.

எப்படிக் கேட்பதென்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் ஒரு தாச்சிச் சட்டி வாங்கவே மூன்று கிழமை பேச்சுவார்த்தை நடக்கும்.

"கிறிஸ்டின், கந்தோரில வேலை செய்யேலாத சத்தம். ஒரு ஹெட்போன்..."

"வாங்குங்கோ."

"நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

"பின்ன என்ன? சனிக்கிழமை போவம். நானும் வாறன்."

டவுனில் நிப்றாஸின் கடைக்குப் போனோம். அவர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மலிவு. ஒன்று நடுத்தரம். மூன்றாவதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

"மலிவு போதும்," என்றேன்.

"அதை வாங்காதேங்கோ," என்றாள் கிறிஸ்டின். "சத்தம் உள்ளுக்கு வரும். ஒரு நாளும் பாவிக்கமாட்டீங்கள். தம்பி, நடுவில இருக்கிறது எப்பிடி?"

"நல்ல சாமான் அக்கா. முப்பது மணித்தியாலம் சார்ஜ் நிக்கும். மின்விசிறி, ஜெனரேட்டர் சத்தமெல்லாம் மூடிரும்."

"ட்ரம் சத்தம்?"

நிப்றாஸ் அவளைப் பார்த்தார். "ட்ரம்மா? பாட்டையும் போட்டா முக்கால்வாசி அமத்தும் அக்கா. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதான் கேட்கிறாள் என்று நானும் நினைத்தேன். என் மூளையையும் அந்தச் சாமான் அப்போதே அமத்தத் தொடங்கிவிட்டது போலும்.

அன்றைக்கே விறாந்தையில் கதிரையைப் போட்டேன். மாட்டினேன். உலகம் அடங்கியது. கிறிஸ்டின் வந்து நின்று கதைத்தாள். சிரித்தேன். தலையாட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. ஒரு கிழமையில் கழுத்து நொந்துவிட்டது, ஆனால் வீட்டில் மைக்கலின் பேச்சே இல்லை. புட்டு வெறும் புட்டாக வந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் அவன் உட்கார்ந்திருந்தால் நான் இரண்டு பல் கூடுதலாகக் காட்டிச் சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகர் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. றஜிதாவும் இன்னும் ஐந்து பெண்களும். பின்னால் மைக்கலும் வந்தான். பாட்டுகளைத் தெரிவுசெய்ய வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

கிறிஸ்டின் என் முன்னால் வந்து நின்றாள். ஏதோ கேட்டாள். சிரித்துத் தலையாட்டினேன். இன்னும் ஏதோ கேட்டாள். மைக்கல் பார்க்கிறானா என்று பார்த்துவிட்டு, இன்னும் ஆழமாக ஆட்டினேன். பெண்கள் கைதட்டினார்கள். கிறிஸ்டின் என்னைக் காட்டி நெடுநேரம் பேசினாள். ஆறு பேரும் என்னைக் கோவில் சுரூபத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கல் எழுந்து வந்து கை குலுக்கினான். அவன் முகத்தில் இருந்தது பொறாமை என்றுதான் நம்பினேன்.

திங்கள் பின்னேரம் கந்தோரால் வந்தேன். வாசலில் முப்பது சோடிச் செருப்பு. ஹோலில் அலுமாரி இருந்த இடத்தில் ட்ரம்.

"இவையை ஆர் உள்ளுக்கு விட்டது?"

"நீங்கள்தான்," என்றாள் கிறிஸ்டின்.

"எப்ப?"

றஜிதா கொப்பியை விரித்து என் பெயரைக் காட்டினாள். 'ஜெனிஸ்டன் அண்ணன் இரண்டு தரம் சம்மதித்தார்.' கீழே ஆறு கையெழுத்து.

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால், ஒரு கிழமையாக மனைவி கதைத்த ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று முப்பது பேருக்கு முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். ட்ரம் தொடங்கியது.

விறாந்தைக்கு ஓடினேன். மைக்கல் அங்கே இருந்தான்.

"போன வருஷம் என்ர வீட்டில நடந்தது தெரியும்தானே மச்சான்," என்றான். "நானும் தலையாட்டித்தான் மாட்டினனான்."

"நீ ஏன் ஹெட்போன் வாங்கினனீ?"

"றஜிதா ரெண்டு மாசமா ஒரே கதை. எங்கட பங்கு அந்தோனி மாஸ்டரைப் பாருங்கோ, என்ன பொறுமை எண்டு."

"மாஸ்டரிட்ட ஹெட்போன் இருந்ததோ?"

"அதுக்கு முந்தின வருஷம் அவற்ற வீட்டிலதானே பயிற்சி."

நான் மைக்கலைப் பார்த்தேன். மைக்கல் நிலத்தைப் பார்த்தான். அப்போது கிறிஸ்டின் தேத்தண்ணியும் என் ஹெட்போனுமாக வெளியே வந்தாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு என் காதில் ஹெட்போனை அவளே மாட்டப் போனாள், பிறகு கொஞ்சம் நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, கீழ் வீட்டுக்குப் புதுசா வந்த டெஸ்மன்டின்ர மனிசி றோட்டில நிண்டு பாக்கிறா. வாற வருஷத்துக்கு அவையின்ர ஹோல்தான் பெரிசு. கொஞ்சம் நல்லாச் சிரியுங்கோ."

சிரித்தேன்.