மகள் பெயரில் நான் போட்ட அறுபது டிக்

கருவடிக்குப்பம், புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி.

மதிப்புக்குரிய டாக்டர் நூரீன் அம்மா அவர்களுக்கு, தங்கள் கம்பெனியில் விமானம் ஓட்டும் கலைவாணியின் தகப்பன் கமலக்கண்ணன் பணிவோடு எழுதுவது. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் நலம் என்று எழுதுவேன். அதைத் தீர்மானிப்பது உங்கள் உத்தியோகம் என்பதால் இன்றைக்கு எழுதாமல் விடுகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் போனுக்கு உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கலைவாணியின் மனநிலை கவலைப்படும்படி இருக்கிறது, வியாழக்கிழமை நேரில் பார்த்துப் பேசும்வரை அவள் விமானம் ஓட்டக் கூடாது என்று போட்டிருந்தீர்கள். அம்மா, அது அவள் மனநிலை இல்லை, என்னுடையது. உங்கள் அறுபது கேள்விக்கும் டிக் போட்டது நான்தான். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே தூங்குகிறாள். அவள் எழுந்து போனைப் பார்ப்பதற்குள் இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி அவள் வேலையைக் காப்பாற்றிவிட வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தட்டாஞ்சாவடியில் முப்பத்திரண்டு வருஷம் பட்டறை வைத்திருந்தவன் நான். வேனையும் பஸ்ஸையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனைக்குத் தயார் செய்வதுதான் தொழில். துரு பிடித்த இடத்தில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, டயர் தேய்ந்திருந்தால் இன்னொரு வண்டியின் டயரை ஒரு நாளைக்கு வாங்கி மாட்டி அனுப்பிவிடுவேன், வண்டி பாஸாகி வந்ததும் டயர் அதன் வீட்டுக்குப் போய்விடும். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. லீவில் வந்திருக்கும் கலைவாணி நேற்று மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் கேள்வித்தாள் போனில் வந்து விழுந்தது, ஐந்து மணிக்குள் அனுப்பு என்று. எழுப்பலாமென்று போனேன், சின்ன வயசில் தூங்கின மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், மனசு வரவில்லை. பூட்டைத் திறக்கும் நம்பர் எனக்குத் தெரியும், அவள் அம்மா பிறந்த தேதிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், எஃப்.சி. வேலை ஆரம்பமானது.

முதல் தடவை பளபளவென்று முடித்தேன். கவலை உண்டா, இல்லை. கோபம் வருமா, வராது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பொய் சொன்னதுண்டா, இல்லவே இல்லை. அனுப்பினால் உங்கள் மிஷின் திருப்பி அடிக்கிறது, பதில்கள் நம்பும்படியாக இல்லை, உண்மையாக மறுபடி நிரப்பவும் என்று. எத்தனை இன்ஸ்பெக்டரைப் பார்த்தவன் நான், ஐந்தே நிமிஷத்தில் என்னைப் பிடித்துவிட்டது. சரி, உண்மைதான் வேண்டும் என்கிறார்கள், உண்மைக்கு நான் எங்கே போவேன்? அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கென்ன தெரியும். கையில் இருந்தது என் மனசு ஒன்றுதான், அதையே கழற்றி மாட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் உங்கள் கேள்விகள் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டன. சாப்பாடு ருசிக்கிறதா என்று கேட்டீர்கள். என் மனைவி பாக்கியலட்சுமி தவறிப் பத்து மாதம் ஆகிறது, அவள் கையால் செய்த சுறா புட்டுக்குப் பிறகு எதைத் தின்றாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, 'இல்லை' போட்டேன். இல்லாதவர் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டீர்கள். லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் ஃப்ளைட் இறங்குகிற சத்தம் வந்தால் போதும், "வாணி வந்துட்டா, உலை வைங்க" என்பாள். கலைவாணியின் விமானம் புதுச்சேரிக்கே வராது என்று நூறு தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவை ஒப்புக்கொண்டதில்லை. இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து அரிசி கழுவப் போகிறேன், 'ஆம்' போட்டேன். கடைசியாக வயிறு வலிக்கச் சிரித்தது எப்போது என்பது முப்பத்தெட்டாவது கேள்வி. கலைவாணிக்கு அப்போது ஒன்பது வயது. ஹெலிபேட் மைதானத்தில் பாக்கியத்துக்கு ஸ்கூட்டர் பழக்கினேன். பிரேக், பிரேக் என்று நான் கத்துகிறேன், அவள் ஹாரனை அமுக்கியபடியே நேரே கரும்புச்சாறு வண்டியில் போய் முட்டி நின்றாள். இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, அதற்காகவே வந்தவள்போல, "மூணு கிளாஸ் குடுப்பா, ஐஸ் வேணாம்" என்றாள். நானும் பிள்ளையும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தோம், அவளுக்கு இரண்டு நாள் கோபம். இதையெல்லாம் எழுத உங்கள் தாளில் இடமில்லை, நான்கு கட்டம்தான் இருந்தது, 'ஒரு வருஷத்துக்கு மேல்' என்பதில் டிக் போட்டேன். கண்ணீர் மறைத்துவிட்டதால் முப்பத்தொன்பதிலும் நாற்பதிலும் விரல் எங்கே பட்டதென்று தெரியாது, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கலைவாணி அப்படியில்லை, டாக்டர். அம்மாவின் காரியத்துக்கு வந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதினேழாம் நாள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் சிரித்த முகம்தான். அம்மாவின் புடவைகளை எடுத்து மடித்து வைக்கிறாள், மறுநாள் அதையே எடுத்து மறுபடி மடிக்கிறாள், அவ்வளவு சுத்தம். தூக்கத்துக்கும் குறைவில்லை, மதியமெல்லாம் தூங்குகிறாள். இதற்குமேல் ஒரு பைலட்டுக்கு என்ன திடம் வேண்டும்?

ஆகவே குற்றவாளி நான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவள் லைசென்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் ஏறுகிற விமானமெல்லாம் சேதமில்லாமல் தரை இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கமலக்கண்ணன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் வைத்துக்கொண்டு அவளை விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். போட்டோ எடுப்பதற்குள் எழுந்து வந்து முழுதும் படித்துவிட்டாள். திட்டு விழும் என்று நின்றேன். போனை வாங்கி, நான் போட்ட அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நீ பண்ணது தப்புதான்ப்பா, டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். ஆனா இதுல எதையும் மாத்த வேணாம். நான் போட்டிருந்தாலும் இதேதான் போட்டிருப்பேன்" என்றாள். மதியம் தூங்குவது ராத்திரியில் பொட்டுத் தூக்கம் இல்லாததால் என்றும் சொன்னாள். அப்புறம் அழுதாள், பத்து மாதத்தில் முதல் தடவையாக. பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் நிறுத்தி வைத்தது அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளைப் பார்த்து முடித்த பிறகு எனக்கும் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான் எதையும் ஓட்டப் போவதில்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.