குப்பம்மா அக்காவின் பூனையும் என் பரோபகாரமும்

எந்த வியாதியையும் தாங்கிக்கொள்ளலாம். "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று வலிய வந்து நிற்கிற ஆளைத்தான் தாங்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் வெட்டியாக இருந்த நான் அப்படிப்பட்ட ஆள்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா தனிக்கட்டை. பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவர். துணைக்கு ஒரு வரிப்பூனை, பெயர் சுந்தரி. அது சோறு தண்ணி தொடாமல் எச்சில் ஒழுக்கிக்கொண்டு கிடந்தது. அக்காவும் பட்டினி. நல்லவேளையாக, ஏழைகள் வளர்க்கும் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு தர்ம சங்கம் டாக்டரை அனுப்பியிருந்தது. முகாம், சத்திரத்தில்.

"கல்யாணப் பொடவைக்கு நூலு சுத்திக்கினு இருக்கேன், எழுந்துக்க முடியாது. பூனைக்கெல்லாம் பார்ப்பாங்களா கண்ணு?"

"பார்ப்பாங்க. நான் இருக்கேன்கா!"

கூடையில் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் சாமி புறப்பாடு. (சாமிக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை.) காதருகே தவில் இடித்ததும் மூடியைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது பூனை. சந்து சந்தாகத் துரத்தி, ஓர் ஓட்டல் கொல்லையில் என் தாவணியைப் போட்டு அமுக்கினேன். கையெல்லாம் பிறாண்டல். எச்சில் ஒழுகவில்லை, ஓடியதில் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். (நினைத்தேனே!)

சத்திரத்தில் கழுதைக்கும் கிளிக்கும் நடுவில் வரிசையில் நின்று, மேஜைக்குப் போனேன்.

"என்னம்மா உடம்புக்கு?"

"எதையுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்."

அதற்குள் அது டாக்டரின் டிபன் டப்பாவில் தலையை விட்டுத் தயிர்சாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் உங்க கைராசி டாக்டர்!" என்றேன் உருகி.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து புகட்டி அனுப்பினார். வெற்றியோடு வந்து கூடையைத் திறந்தேன்.

"இது யாரு பூனை?" என்றார் அக்கா.

"நம்ம சுந்தரிக்கா."

"அடிப் பாவி, இது கடுவன் பூனைடி! சுந்தரி அப்பவே வந்துட்சி, அதோ பாரு."

ராட்டைக்குப் பின்னால் எச்சில் ஒழுக்கியபடி சுந்தரி. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. திரும்ப ஓடினேன். டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ கொண்டு வர வேணாம்மா. நானே வர்றேன்."

வந்தார். சுந்தரியின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். நாக்கின் அடியில் பட்டு நூல் இழை சுற்றி இறுகியிருந்தது. "நல்லவேளை, உள்ளே போகலை" என்று கத்தரித்து எடுத்தார். சாயங்காலம் சுந்தரி பால் குடித்தது. அக்காவும் சாப்பிட்டார்.

அந்தக் கடுவன்தான் போகவே இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு எனக்குப் பிள்ளை பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்த குப்பம்மா அக்கா நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டார். "கொழந்தை கையில ஏதாச்சும் அடையாளம் கட்டும்மா. இவ மாத்தி எடுத்துக்கினு வந்துடுவா."

இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் கிளம்பினால், மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "அத்தே, மூஞ்சியைப் பார்த்துக் கூட்டிக்கினு வாங்க!"