ஆடியில் மூழ்கிய என் கம்பெனி

பொறாமை யார் வேலையையும் நேரடியாகக் கெடுப்பதில்லை. அடுத்தவர் வேலையை எட்டிப் பார்க்க வைப்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். கெடுக்கும் வேலையை நாமே செய்துகொள்வோம்.

என் பொறாமைக்குப் பெயர் வனிதா. மாமா மகள், என் வயதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் இருவரும் பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தோம். நான் பென்சில்களைக்கூட உயரவாரியாக அடுக்கி வைப்பவள். அவள் பென்சிலே கொண்டுவர மாட்டாள் (என்னுடையதை வாங்குவாள், திருப்பித் தந்ததாக நினைவில்லை). ஆனாலும் கல்யாண வீடுகளில் அவளைத்தான் "கெட்டிக்காரப் புள்ள" என்பார்கள். என்னை "அடக்கமான புள்ள" என்பார்கள். வேறு எதுவும் சொல்லக் கிடைக்காதபோது சொல்லும் சொல் அது.

படிப்பு முடியும் சமயத்தில் சென்டரிலேயே ஒரு டீச்சர் வேலை காலியானது. வேலை கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். சென்டர் நடத்திய நடராஜ் சார் பரீட்சை வைக்கவில்லை. தன் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றை நாம் நடத்த வேண்டும். அதுதான் கேமே.

"சனிக்கிழமை சாயங்காலம் யாரு கம்பெனி நல்லா நடக்குதோ, அவிங்களுக்கு வேலைங்க," என்றார் சார். சில யோசனைகளும் சொன்னார். "ஆரம்பத்துல சின்ன ஆபீஸ் போதுமுங்க. ரெண்டு ஆளுக்கு மேல வேண்டாம். மொதல்ல மத்த கம்பெனிக்காரங்க சில்லறை வேலைய வாங்கிச் செஞ்சு குடுங்க. அப்பறம் சொந்த கேம். அது முடிஞ்சா ஒடனே வித்துப்போடோணும், வெச்சுப் பாத்துட்டு இருக்கக் கூடாதுங்க."

நான் அத்தனையையும் வரிசைப்படி செய்தேன். சின்ன ஆபீஸ், இரண்டு ஆள், சில்லறை வேலை. வனிதாவோ எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்டுத் திரையில் வந்த ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

"மூஞ்சியப் பார்த்தா பாவமா இருந்துச்சு புள்ள, எல்லாத்தையும் வெச்சுப்போட்டேன்," என்றாள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் என் முதல் சொந்த கேம் தயாரானது. ரயில் ஓட்டும் கேம். "வெளியிடு" என்ற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தேன். வனிதாவின் சமையல் போட்டி கேமுக்குத் திரைக்குள் இருந்த பத்திரிகைக்காரர்கள் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தார்கள். அந்தப் பாவப்பட்ட ஐந்து பேரும் திரையில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வேண்டும் என்று தோன்றிவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுத்து, கேமை மெருகேற்றத் திருப்பி அனுப்பினேன். அது முடிந்து வருவதற்குள் திரையின் மூலையில் இருந்த காலண்டர் ஜூலை இருபதைக் காட்டியது.

ஆடி.

கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் ஆடி மாதம் ஒரு புது பெல்ட்கூட மாட்ட மாட்டார்கள். அங்கே வளர்ந்த விரல் எப்படி அமுக்கும்? (வெளியே நிஜத்தில் அப்போது தை மாதம். அதை யாராவது எனக்கு நினைவுபடுத்தியிருக்கலாம்.)

"ஏப்புள்ள, அமுக்காம என்ன பண்ற?" என்றாள் வனிதா.

"ஆடி கழியட்டும்."

"எங்க ஆடி?"

"உள்ள," என்று திரையைக் காட்டினேன்.

உள்ளே ஒரு மாதம் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வேறொரு கம்பெனி ரயில் கேம் ஒன்றை வெளியிட்டது. சும்மா உட்கார்ந்திருந்த என் ஆட்களில் ஒருவர் ராஜினாமா செய்தார். ஆவணி முதல் தேதி கணக்குப் பார்த்து, மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டு, பொத்தானை அமுக்கினேன். பத்துக்கு மூன்று. அடுத்த நிமிடம் கம்பெனி திவாலானதாக அறிவிப்பு வந்தது. கூடவே ஒரு சோக இசை, சென்டர் முழுக்கக் கேட்கும்படி.

நடராஜ் சார் ஓடி வந்தார். "ஏனுங்க அம்மணி, நல்லாத்தான போயிட்டு இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வனிதா சொன்னாள்: "ஆடிங்க சார்."

சார் குனிந்து திரையின் மூலையில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவருக்கும் ஆடி மேல் மரியாதை உண்டு. "தப்பில்லீங்க," என்றார் மெதுவாக. "ஆனா கம்ப்யூட்டர் வெளிநாட்டுதுங்களே."

வேலை வனிதாவுக்குப் போனது. அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார் (மறுநாளே, அது தை மாதமல்லவா).

வனிதா பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். அதனால் அந்தக் கதையும் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. இன்றும் நான் கிளம்ப ஐந்து நிமிடம் தாமதித்தால், "சாந்தாவுக்கு இன்னும் ஆடி கழியல," என்று யாராவது சொல்வார்கள். என் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்டதே அதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது வனிதா சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். போன வருடம் இரண்டாவது கிளை திறப்பதாக இருந்தாள். எல்லாம் தயார். எல்லோரும் கூடியிருந்தபோது, எப்போது திறப்பு என்று கேட்டேன்.

"ஆடி கழியட்டும்னு இருக்கேன் புள்ள," என்றாள்.

இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். எல்லோர் முகத்தையும் ஆவலாகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

"பாத்தியா," என்றார் என்னிடம், "எல்லாத்தையும் எவ்வளவு யோசிச்சுச் செய்யறாங்க."